மூக்கு வழியாக எடுத்த பிட்யூட்டரி கட்டியின் மிச்சம் மறுபடி வளருமா?

ஒரு மகன் அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 49 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் பார்வை மங்கி, பிட்யூட்டரி சுரப்பியில் ஹோர்மோன் சுரக்காத கட்டி என்று கண்டுபிடித்து, மூக்கு வழியாக ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். "இரத்தக் குழாய் பக்கத்தில் கொஞ்சம் விட்டிருக்கிறோம்" என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். நாலாம் மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மிச்சம் 9 மில்லிமீட்டர். இப்போது 11. பார்வை நன்றாக இருக்கிறது. ஹைட்ரோகோர்ட்டிசோனும் தைரொக்சினும் குடிக்கிறார். கிளினிக்கில் கதிர்வீச்சைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார்கள். மகன் கேட்கிறார்: இது கென்சரா? மறுபடி ஆபரேஷனா? ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லையா? பத்தியம் ஏதும் உண்டா? தங்கச்சிக்கும் வருமா?

முதலில் மனது ஆறுவதற்கு ஒன்று. இது பெரும்பாலும் கென்சர் இல்லை. பிட்யூட்டரி கட்டிகளில் உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவக்கூடியவை ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். மிச்சம் வளர்ந்தாலும் அது இருந்த இடத்திலேயே மெதுவாக வளரும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கட்டிகளின் பெயரை மாற்றி, நியூரோஎண்டோக்ரைன் கட்டிகள் என்ற வரிசையில் சேர்த்தது. பயாப்சி ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இன்டர்நெட்டில் தேடினால் பயங்கரமான விஷயங்களெல்லாம் வரும். அதை வைத்துப் பயப்பட வேண்டாம். பெயர் மாறியதால் கட்டியின் குணம் மாறிவிடவில்லை.

ஏன் விட்டார்கள் என்பதற்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். பிட்யூட்டரி ஒரு கொண்டைக்கடலை அளவு. மூக்குக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடியில் ஒரு சின்ன எலும்புக் குழியில் இருக்கிறது. அதற்கு மேலே, இரண்டு கண்ணின் நரம்புகளும் வந்து சந்தித்துக் குறுக்கே கடக்கின்றன. அம்மாவின் பார்வை மங்கியது கட்டி மேலே வளர்ந்து அந்த இடத்தை அழுத்தியதால்தான். இரண்டு பக்கத்திலும் கவர்னஸ் சைனஸ் என்ற இரத்த அறை இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடி அதற்குள்தான் வளைந்து போகிறது. கண்ணை அசைக்கிற நரம்புகளும் முகத்துக்கு உணர்வு தருகிற நரம்பும் அதே அறையில்தான். கட்டி அந்த அறைக்குள் நுழைந்துவிட்டால், அங்கே சுரண்டி எடுக்கப் போய் நாடியில் கீறல் விழுந்தால் பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். அதனால் கண் நரம்பை அழுத்திய பகுதியை எடுத்துவிட்டு, பக்கத்து அறைக்குள் இருந்ததைத் தெரிந்தே விட்டிருக்கிறார்கள். "இந்தியாவுக்குக் கொண்டுபோயிருந்தால் முழுசா எடுத்திருப்பாங்க" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு நகையை அடகு வைக்க வேண்டாம். நாடியைச் சுற்றியிருக்கிற கட்டி எந்த ஊர் சர்ஜனுக்கும் அதே கட்டிதான். மூக்கு வழி ஆபரேஷன் 1907இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் ஹெர்மன் ஷ்லோஃபர் செய்ததிலிருந்து வருவது. மைக்ரோஸ்கோப் வந்தது, எண்டோஸ்கோப் வந்தது. அப்படியும் அந்தப் பக்கத்து அறை இன்னும் கஷ்டமான இடமாகவே இருக்கிறது.

சரி, மிச்சம் வளருமா? கண்ணுக்குத் தெரியும் மிச்சம் இருந்து, கதிர்வீச்சும் கொடுக்காமல் விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 முதல் 10 வருடத்துக்குள் அது வளர்கிறது. மற்றப் பாதிப் பேருக்கு அந்தக் காலத்தில் அசையாமல் கிடக்கிறது. முழுவதும் எடுத்துவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தவர்களிலும் நூற்றுக்குப் பத்து இருபது பேருக்குத் திரும்ப வருவதுண்டு. ஆகவே அம்மாவுக்கு நடப்பது அபூர்வமும் இல்லை, யாருடைய தவறும் இல்லை. யாருக்கு வளரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. சில அடையாளங்கள் மட்டும் உண்டு: வயது குறைவாக இருப்பது, மிச்சம் பெரிதாக இருப்பது, கவர்னஸ் சைனஸுக்குள் நுழைந்திருப்பது, பயாப்சியில் கிஐ-67 என்ற அளவு (கட்டிச் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டுவது) 3 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது. வெளியே ஹோர்மோன் சுரக்காவிட்டாலும், உள்ளே ஏ.சி.டி.எச். (கோர்ட்டிசோலைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹோர்மோன்) வகைச் செல்களால் ஆன கட்டிகள் கொஞ்சம் முரட்டுத்தனமானவை. பயாப்சி ரிப்போர்ட் உங்களிடம் இல்லையென்றால் அடுத்த கிளினிக்கில் ஒரு கொப்பி கேட்டு வாங்குங்கள். டயக்னோசிஸ் கார்டில் ஒரு வரி மட்டும் எழுதியிருப்பார்கள், அது போதாது.

இனி அந்த 9க்கும் 11க்கும் வருவோம். குடும்பங்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கட்டி எல்லாப் பக்கமும் வளருகிறது. உருண்டை என்று எடுத்துக்கொண்டால், 9 மில்லிமீட்டர் விட்டம் 11 ஆகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. 10 மில்லிமீட்டர் கட்டி 12.6 ஆனாலே கன அளவு இரண்டு மடங்கு. ஆகவே "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடவும் முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்கேனில் அளப்பது அடிமட்டம் வைத்து அளப்பதுபோல் நறுக்கென்று இருக்காது. படத்தை எந்தக் கோணத்தில் வெட்டினார்கள், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து 1 மில்லிமீட்டர் அப்படி இப்படி ஆகும். முதல் ஸ்கேனில் 9.5 இருந்திருக்கலாம், இப்போது 10.5 இருக்கலாம். பொதுவாக 2 மில்லிமீட்டர் அளவுக்கு மாறினால்தான் வளர்ச்சி என்று நினைக்கத் தொடங்குவார்கள். அம்மா சரியாக அந்த எல்லையில் நிற்கிறார். ரிப்போர்ட்டில் உள்ள இலக்கங்களை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஆள் அளக்க வேண்டும்.

அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த அந்த முதல் ஸ்கேன் தங்கம் மாதிரி. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆவதற்கு முன்னால் எடுத்தால் உள்ளே உறைந்த இரத்தமும், வீக்கமும், ஓட்டையை அடைக்க வைத்த கொழுப்பும் கலந்து எது கட்டி என்றே தெரியாது. நாலாம் மாதப் படம்தான் இனி வாழ்நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கும் படம். ஒவ்வொரு வருடமும் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால் "மாற்றமில்லை, மாற்றமில்லை" என்றே ரிப்போர்ட் வரும். வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் வளர்வது யார் கண்ணுக்கும் படாது. அஞ்சாறு வருடம் கழித்து முதல் படத்தை எடுத்து வைத்தால்தான் நடந்தது தெரியும்.

படத்தைப் பாதுகாப்பதும் எங்கள் பக்கம் ஒரு வேலைதான். மாதக்கணக்கில் மழை பெய்து லயத்துச் சுவரெல்லாம் ஈரம் ஊறும்போது, அலுமாரிக்கு மேலே வைத்த ஸ்கேன் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். ஃபிலிமுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து, தடித்த பொலிதீன் பையில் போட்டு, சுவரில் படாமல் வையுங்கள். சீடி கொடுத்திருந்தால் அதை ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் முழுதாக ஏற்றி வாங்குங்கள். ரிப்போர்ட்டை மட்டும் போனில் படம் எடுத்து வைத்தால் போதாது, ஸ்கேன் படங்கள் வேண்டும்.

ஸ்கேனுக்குத் திகதி தூரத்தில் விழுகிறது என்று வெளியே காசு கொடுத்து எடுப்பவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் "மூளை எம்.ஆர்.ஐ." என்று எடுக்க விடாதீர்கள். அதில் படங்கள் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும், 2 மில்லிமீட்டர் வித்தியாசம் அதற்குள் காணாமல் போய்விடும். பிட்யூட்டரிக்கென்று 2, 3 மில்லிமீட்டர் மெல்லிய வெட்டுகளாக, மருந்து ஏற்றி எடுக்க வேண்டும். கிளினிக் துண்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே மெஷினில் எடுப்பது நல்லது.

அளவைவிட முக்கியம் திசை. கட்டி பக்கவாட்டில் வளர்கிறதா, மேலே கண் நரம்பை நோக்கி வளர்கிறதா? கண் நரம்புக்கும் கட்டிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவைதான். பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

பார்வைக்கு இரண்டு காவல் வேண்டும். ஒன்று ஆஸ்பத்திரியில் மெஷினில் செய்யும் பார்வைப் புலப் பரிசோதனை. எழுத்துகளை வாசிக்க வைத்துவிட்டு "கண் சரி" என்பது இதற்கு உதவாது. இந்தக் கட்டி முதலில் பறிப்பது நேர்ப் பார்வையை இல்லை, இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கத்துப் பார்வையை. நேராகப் பார்த்து எழுத்தெல்லாம் வாசிப்பார், ஆனால் கதவு நிலையில் தோள் இடிக்கும், நிரையில் பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்ட பிறகுதான் தெரியும், கான் ஓரத்தில் கால் தடுமாறும். இரண்டாவது காவல் வீட்டில். அம்மாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். மற்றக் கண்ணால் உங்கள் மூக்கையே பார்க்கட்டும். ஒரு சிவப்புப் போத்தல் மூடியை முதலில் அவர் மூக்குப் பக்கமாகவும், பிறகு காதுப் பக்கமாகவும் பிடித்து, எந்தப் பக்கம் சிவப்பு நல்ல சிவப்பாக இருக்கிறது என்று கேளுங்கள். காதுப் பக்கம் மட்டும் வெளிறித் தெரிந்தால், அல்லது போன மாதம் தெரிந்தது இப்போது தெரியாவிட்டால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சோதனை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் பதில் ஆகாது. மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

இப்போது என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பொதுவாக வழிகள் மூன்று: பார்த்துக்கொண்டிருப்பது, மறுபடி ஆபரேஷன், கதிர்வீச்சு. கபர்கோலின் என்ற மாத்திரை சிலருக்கு மிச்சத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறது, சுருக்கவும் செய்கிறது. ஆனால் ஹோர்மோன் சுரக்காத கட்டிகளில் அதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது. தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் ஹோர்மோனைச் சுரக்கும் கட்டி என்றால் கதையே வேறு, அங்கே அதுதான் முதல் மருந்து.

மறுபடி ஆபரேஷன் என்பது கட்டி மேலே ஏறிக் கண் நரம்பைத் தொட்டால், அல்லது எடுக்கக்கூடிய இடத்தில் வளர்ந்தால். இரண்டாவது தடவை உள்ளே தழும்பு இருக்கும், வழி முதல் தடவை மாதிரிச் சுத்தமாக இருக்காது. மூளைத் திரவம் மூக்கு வழியாகக் கசியும் ஆபத்தும், மிச்சமிருக்கும் ஹோர்மோன்கள் போகும் ஆபத்தும் கூடும். அம்மாவின் மிச்சம் நாடிக்குப் பக்கத்தில் மட்டும் என்றால் ஆபரேஷனால் பெரிய இலாபம் இல்லை.

கதிர்வீச்சு என்றதும் எங்கள் சனத்துக்கு முதலில் வருவது "மஹரகமவுக்கு அனுப்புறாங்களாம்" என்ற பயம். மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி கென்சர் ஆஸ்பத்திரி என்பது உண்மை. கதிர்வீச்சு மெஷின்கள் அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கும், கண்டியிலும் கென்சர் பிரிவில்தான் இருக்கிறது. கென்சர் இல்லாத பிட்யூட்டரி கட்டிக்கும் அதே மெஷின்தான். அங்கே அனுப்பினார்கள் என்பதற்காக நோய் கென்சர் ஆகிவிடாது. இதை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்தே சொல்லிவையுங்கள். அந்தப் பெயரைக் கேட்டே கிளினிக்கை விட்டுவிட்டு, கண் போன பிறகு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கொதிக்கும்.

கதிர்வீச்சு கட்டியைக் கரைத்துவிடாது, வளர்ச்சியை நிறுத்தும். சிலருக்கு வருடக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இது பலன் தருகிறது. வழக்கமான முறையில் 45 முதல் 54 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரையான அளவை 25 முதல் 30 தடவைகளாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள் கொடுப்பார்கள். அதாவது ஐந்தாறு வாரம். ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான், வலி இருக்காது. கஷ்டமெல்லாம் தங்குவதில்தான். பொகவந்தலாவையிலிருந்து தினமும் போய்வர முடியாது. வார்டில் இடம் கிடைக்குமா, வெளியே தங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஐந்தாறு வாரம் பேர் விழாது, நாட்கூலி வராது என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவையுங்கள், நடுவில் நிறுத்திவிட்டு வரக்கூடாது. ஒரே தடவையில் குவித்துக் கொடுக்கும் ரேடியோசேர்ஜரி என்ற முறையும் உண்டு. அதற்குக் கண் நரம்புக்கும் கட்டிக்கும் இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பொருந்துமா என்பதை ஸ்கேனைப் பார்த்துக் கதிர்வீச்சு டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. நல்ல சுரப்பியும் சேர்ந்து வாடும். இன்றைக்குச் சரியாக இருக்கும் ஹோர்மோன் ஐந்து, பத்து வருடத்தில் குறையலாம், அதனால் வருடாவருடம் இரத்தம் பார்க்க வேண்டும். கண் நரம்பு பாதிக்கப்படுவது மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இதனால்தான் மிச்சம் இருக்கும் எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் கதிர்வீச்சு கொடுப்பதில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: வளர்ச்சி பக்கவாட்டில் மட்டும், பார்வைப் புலம் சுத்தம், பயாப்சியில் முரட்டு அடையாளம் எதுவும் இல்லை என்றால், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அதிலும் முதல் படத்தைவிட வளர்ந்திருந்தால் கதிர்வீச்சுக்கு ஒத்துக்கொள்வேன். கண் மங்கும்வரை காத்திருக்க மாட்டேன். மேல்நோக்கி வளர்கிறது என்றாலோ கிஐ-67 கூடுதல் என்றாலோ அந்த ஒரு வருடத்தையும் கொடுக்க மாட்டேன். முடிவு அம்மாவை நேரில் பார்க்கும் டொக்டர்களுடையது, படத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

கட்டியைப் பற்றி இவ்வளவு கேட்ட நீங்கள் ஹைட்ரோகோர்ட்டிசோனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கவலை. இந்தக் கட்டியின் மிச்சம் ஆளைக் கொல்ல வருடங்கள் போதாது, ஆனால் அந்த மாத்திரை இல்லாமல் ஒரு வயிற்றுப்போக்கு ஒரே இரவில் கொல்லும். பிட்யூட்டரி சொன்னால்தான் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி கோர்ட்டிசோல் சுரக்கும். அம்மாவுக்கு அந்தச் சொல் போகவில்லை. அந்தக் கோர்ட்டிசோலுக்குப் பதில்தான் இந்த ஸ்டெரொயிட் மாத்திரை. காலையில் எழும்பியதும், மலைக்கு இறங்கும் முன்னால் முதல் வேளை. மற்ற வேளைகள் டொக்டர் சொன்ன நேரத்துக்கு. விரதம் என்றாலும் திருவிழா என்றாலும் மாத்திரை தவறக்கூடாது. காய்ச்சல் வந்தால் அந்த இரண்டு மூன்று நாளைக்கு அளவை இரட்டிப்பாக்க வேண்டும், உங்கள் டொக்டரிடம் இதை இப்போதே எழுதி வாங்குங்கள். வாந்தி வந்து மாத்திரை நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட வேண்டும், சேலைனும் ஏற்ற வேண்டும். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வண்டி ஏறாது என்றால் எந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது என்பதை இன்றைக்கே தீர்மானித்து வையுங்கள்.

"ஸ்டெரொயிட் மாத்திரையில் உயிர்வாழ்பவர், வாந்தி என்றால் உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி தேவை" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிளினிக்கிலேயே எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு வைத்திருக்கட்டும். இரவு வார்டில் இருக்கும் டொக்டருக்கு அம்மாவின் கதை தெரியாது, தமிழில் விளக்க ஆள் இருக்காது. மாத்திரை முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிடைக்காவிட்டால் பிரெட்னிசொலோன் மாத்திரையைச் சமமான அளவில் மாற்றிக் கொடுக்கலாம், டொக்டரிடம் கேளுங்கள். நிறுத்த மட்டும் கூடாது. களைப்பு, தலைசுற்று, குமட்டல் என்று வந்தால் தோட்டத்தில் "இரத்தம் குறைவு" என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அம்மா விஷயத்தில் கோர்ட்டிசோல் குறைவு என்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

தைரொக்சினில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண தைரொயிட் நோயாளிக்கு டி.எஸ்.எச். பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பார்கள். டி.எஸ்.எச். தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லும் ஹோர்மோன், பிட்யூட்டரியிலிருந்து வருவது. பிட்யூட்டரி கெட்டவருக்கு அது குறைவாகவே காட்டும், மாத்திரை போதாமல் இருந்தாலும் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துவிட்டு "மருந்து கூடிப் போச்சு" என்று அளவைக் குறைத்துவிடுவது நடக்கிற விஷயம். அம்மாவுக்குப் பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4, அதாவது இரத்தத்தில் இருக்கும் தைரொயிட் ஹோர்மோனையே நேராக அளப்பது. பக்கத்து ஊர் டொக்டர் யாராவது அளவைக் குறைக்கச் சொன்னால் ஆபரேஷன் செய்த கதையைச் சொல்லிவிட்டு, ஃப்ரீ டி4 பார்க்கச் சொல்லுங்கள்.

உடனே ஓட வேண்டிய இன்னொரு நிலைமை: திடீரென்று இடி விழுந்தது மாதிரித் தலைவலி, வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பார்வை மளமளவென்று குறைவது. கட்டிக்குள் இரத்தம் கசிந்தால் இப்படி வரும். மைக்ரேன் என்று மாத்திரை போட்டுப் படுக்க வைக்கக் கூடாது.

ஹோர்மோன் சுரக்கும் கட்டியின் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஸ்கேனைவிட இரத்தம் முந்திச் சொல்லும். கை கால் பெரிதாகும் அக்ரோமெகலியில் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சி ஹோர்மோன் அளவுகோல், கோர்ட்டிசோல் கூடிப்போகும் குஷிங் நோயில் கோர்ட்டிசோல், புரோலக்டின் சுரக்கும் கட்டியில் புரோலக்டின். கழற்றிய மோதிரம் மறுபடி விரலில் ஏறவில்லை என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பத்தியம் கேட்டிருந்தீர்கள். இந்தக் கட்டியை வளர்க்கும் சாப்பாடும் இல்லை, கரைக்கும் சாப்பாடும் இல்லை. நாட்டு மருந்து கொடுக்க நினைத்தால் டொக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம், சிலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருப்பதுண்டு. வேலைக்குப் போகலாம். சிவனொளிபாத மலை ஏற ஆசைப்பட்டால் அன்றைக்கு மாத்திரை எவ்வளவு கூட்டுவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கும் வருமா என்ற கடைசிக் கேள்விக்கு: பெரும்பாலும் வராது. பரம்பரையாக வருவது மிகக் குறைவு. குடும்பத்தில் வேறு யாருக்காவது பிட்யூட்டரி கட்டி, அல்லது கல்சியம் கூடி அடிக்கடி சிறுநீரகக் கல் என்று இருந்தால் மட்டும் டொக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அவருக்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை.